குண்டு எங்கே போய் நிற்கும்?

எங்கள் ஆவடியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விசித்திரமான எண்ணம் உண்டு. இங்கே வீட்டுக்கு ஒரு பீரங்கி வண்டி வாசலில் நிற்கும் என்று நினைத்துக் கொள்கிறார்கள். 1961-ல் இங்கே நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் 'விஜயந்தா' டாங்கி உருண்டு வெளியே வந்ததல்லவா? அன்று முதல் அந்தக் கியாதி ஊருக்கு நிலைத்துவிட்டது. பக்கத்துக் கோவில்பதாகையில் குடியிருந்துகொண்டு, பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத என்னையும் அந்தக் கியாதி சும்மா விடவில்லை.

சென்ற ஐப்பசி மாதத்தில், தர்மபுரி ஜில்லாவில் விவசாயம் பார்க்கும் என் மைத்துனனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"மாமா, ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை. பிடுங்குவதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் வந்து உழுது போட்டுவிட்டது. இனிமேல் பொறுக்க முடியாது. நூறு, நூற்றைம்பது மீட்டர் தூரத்திலிருந்து சுடுவதற்கு எந்த ரைபிள் நல்லது, அதற்கு எந்தத் தோட்டா வாங்க வேண்டும் என்று விசாரித்து எழுதுங்கள். நீங்கள் இருக்கும் ஊரில் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?"

அவன் சொன்னது வாஸ்தவம்தான். எங்கள் தெருவிலேயே ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். புதிதாகச் சேரும் சிப்பாய்களுக்குக் குறி பார்க்கக் கற்பித்தவர். கடிதத்தை அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவர் ரைபிளின் பெயர் எதையும் சொல்லவில்லை. "வாத்தியார் ஐயா, சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா?" என்றார்.

ஏரிக்கரையில் ஒரு பாடம்

கோவில்பதாகை ஏரிக்கரையில் நின்று பார்த்தால் இப்போது வயல் என்று சொல்லத் தக்கது அதிகம் கண்ணில் படாது. வீடுகளும், வீடு ஆகப் போகும் மனைகளும்தான். சுபேதார் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார். "அந்த வேலியோரத்தில் ஒரு பன்றி நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நான் சுடுகிறேன், குறி தப்பிவிடுகிறது. குண்டு எங்கே போய் நிற்கும்?"

நான் வேலியைப் பார்த்தேன். அதற்கு அப்பால் ஒரு மாடி வீடு. அதற்கு அப்பால் சாலை. சாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள்.

"பையன்கள் விளையாட்டாகச் சுடுகிறார்களே, 0.22 அங்குல ரைபிள், அதன் குண்டின் எடை இரண்டரை கிராம்தான். அதுவே கோணம் வாய்த்தால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் போய் விழும். பன்றியைக் கொல்லத் தக்க பெரிய ரைபிளின் குண்டு 3 கிலோமீட்டரையும் தாண்டும். சிப்பாய்க்கு முதலில் சொல்லிக் கொடுப்பது குறி பார்ப்பதை அல்ல. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைத்தான். உங்கள் மைத்துனர் எந்த ரைபிள் என்று கேட்கிறார். எந்த மண்ணில் குண்டு புதையும் என்று அவரை முதலில் கேளுங்கள்" என்றார் சுபேதார்.

அன்றிரவு நான் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பௌதிகம் கற்பிப்பவனுக்கு இது நல்ல கணக்கு அல்லவா?

எந்தத் துப்பாக்கிக்கு என்ன குணம்?

துப்பாக்கிகளில் இரண்டு ஜாதி உண்டு. குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பது ஒன்று. இரட்டைக் குழல் துப்பாக்கி, '12 போர்' என்றெல்லாம் சொல்கிறோமே, அது இந்த வகை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாகச் செய்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவு பருமன் அதன் குழலின் வாய். அதிலிருந்து சிறு ஈய உருண்டைகள் கொத்தாக வெளியேறிப் பரவும். எஸ்.ஜி., எல்.ஜி. என்ற பெரிய உருண்டைத் தோட்டாக்களைப் போட்டால் 30 மீட்டர் சுற்றுக்குள் பன்றியைச் சாய்க்கலாம். அதற்கு மேல் கொத்து சிதறிவிடும். பிராணி காயம் பட்டு ஓடும். ஆனால் இந்தப் பலவீனத்திலேயே ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. தப்பிய உருண்டைகள் சில நூறு மீட்டருக்குள் வேகம் இழந்து விழுந்துவிடும்.

இன்னொரு ஜாதி ரைபிள். குழலின் உட்புறத்தில் திருகாணியின் மரையைப் போல் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அந்தப் பள்ளத்தைப் பற்றிக்கொண்டு பம்பரமாகச் சுழன்று வெளிவரும். சுழல்வதால் தலைகுப்புறாமல் நேராகப் போகும், நெடுந்தூரமும் போகும்.

0.22 அங்குல ரைபிள் முயல், எலி போன்றவற்றுக்குத்தான் போதும். பன்றியைக் காயப்படுத்தி வெறியேற்றுவதற்கு வேண்டுமானால் உதவும். அமெரிக்காவின் புல்வெளிகளில் வளை தோண்டும் சிறு பிராணிகளை 200, 300 மீட்டரில் சுடுவதற்கென்றே தனி ரைபிள்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் குண்டு மூன்று நான்கு கிராம்தான். வேகமோ விநாடிக்கு 1,000 மீட்டரை நெருங்கும். குண்டின் மேல்தகடு மிக மெல்லியது. மண்ணில் பட்டால் தெறித்துப் போகாமல் பெரும்பாலும் அங்கேயே பொடியாகிவிடும். சுற்றிலும் மனுஷ சஞ்சாரம் இல்லாத வெளியில்கூட அவர்கள் இவ்வளவு யோசிக்கிறார்கள்! ஆனால் நம்முடைய காட்டுப் பன்றிக்கு அந்தக் குண்டு உதவாது. தடித்த தோலையும் எலும்பையும் கடந்து உள்ளே போவதற்குள் உடைந்துவிடும்.

நம் நாட்டில் தயாராகும் ரைபிள்களில் பன்றிக்கு ஏற்றவை இரண்டு. இரண்டையும் வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்திருக்கிறது. ஒன்று 0.315 அங்குலம். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பட்டாளத்தின் 0.303 ரைபிள் ஜனங்களிடம் இருந்தால், பட்டாளத்துத் தோட்டாக்கள் திருட்டுப் போய் அதில் ஏறிவிடும் என்று வெள்ளைக்கார சர்க்கார் அஞ்சியது. ஆகவே பட்டாளத்துத் தோட்டா பொருந்தாத வேறொரு அளவு புழக்கத்துக்கு வந்தது, அதுதான் இது. குண்டு சுமார் 16 கிராம் எடை. கனமானது, நிதானமானது. மற்றொன்று 0.30 அங்குலத்து 'தர்ட்டி நாட் சிக்ஸ்'. குண்டு 10 முதல் 12 கிராம். வேகம் விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல்.

தோட்டாவைப் பொறுத்த வரையில், முனையில் ஈயம் வெளியே தெரியும் மென்முனைக் குண்டுதான் பிராணிகளுக்கு உகந்தது. உடலில் பட்டவுடன் முனை விரிந்து, தன் வேகத்தை அங்கேயே செலவழித்துவிடும். பிராணியும் அதிகம் தவிக்காமல் உயிரை விடும். முழுவதும் தகடு போர்த்திய பட்டாளத்துக் குண்டு பன்றியை ஊடுருவி, அப்பால் நிற்பவனையும் துளைக்கக்கூடும்.

இங்கே பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று. குழலிலிருந்து கிடையாக வெளிப்பட்ட குண்டு, மரத்திலிருந்து உதிர்ந்த மாங்காயைப் போலவே பூமியை நோக்கி விழத் தொடங்குகிறது. வேகமான 0.30 குண்டு 100 மீட்டரை விநாடியில் எட்டில் ஒரு பாகத்தில் கடப்பதால், அதற்குள் 8 சென்டிமீட்டர்தான் விழும். 0.22 குண்டோ அதே தூரத்தில் அரை மீட்டர் இறங்கிவிடும். பன்றியின் உயிர்நிலை ஒரு சாண் அகலம். ஆகவே தூரத்தைத் தவறாக மதித்தவன் எவ்வளவு நல்ல ரைபிளைப் பிடித்திருந்தாலும் தப்பத்தான் தப்புவான்.

பரணின் மகத்துவம்

இப்போது சுபேதாரின் கேள்விக்கு வருவோம். சமதரையில் முழந்தாளிட்டு, தரைக்கு 1 மீட்டர் உயரத்திலிருந்து, 150 மீட்டர் தொலைவில் நிற்கும் பன்றியின் அரை மீட்டர் உயரத்தில் குறி வைப்பதாகக் கொள்வோம். குண்டு தப்பினால், நேர்கோட்டுக் கணக்குப்படி அது இன்னும் 150 மீட்டர் போய்த்தான் தரையைத் தொடும். அப்போதும் மண்ணைச் செதுக்குவது போலச் சாய்வாகத் தொடுவதால், புதையாது. குளத்தில் பையன்கள் வீசும் ஓட்டுச் சில்லைப் போலத் தெறித்து மேலே பாயும். எங்கே போகும் என்று சுட்டவனுக்குத் தெரியாது.

அதே மனிதன் 4 மீட்டர் உயரப் பரண்மேல் உட்கார்ந்து, 40 மீட்டரில் பன்றி வரும் வரைக்கும் காத்திருந்து சுட்டால் என்ன ஆகும்? தப்பிய குண்டு பன்றிக்கு அப்பால் 6 மீட்டருக்குள் மண்ணைச் சேர்ந்துவிடும். பின்னால் ஒரு மண்மேடும் இருந்துவிட்டால் பயமே இல்லை.

தினைப்புனத்தில் பரண் கட்டிக் கவண் வீசிக் காவல் காத்த வள்ளி நாயகியின் கதையை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம்முடைய முன்னோர் பரண் கட்டியது நாலு பக்கமும் தெரிவதற்காக மட்டும் என்று நான் இதுவரை நினைத்திருந்தேன். கணக்குப் போட்ட பிறகு அதன் மகத்துவம் இரட்டிப்பாக விளங்கிற்று.

ஆக, மைத்துனன் கேட்ட 'நூறு, நூற்றைம்பது மீட்டர்' என்பதுதான் ஆபத்தான இடம். ஊரும் தோட்டமும் நெருங்கிக் கிடக்கும் சமவெளியில் அந்தத் தூரத்துக்கு ஏற்ற ரைபிள் கடையில் இருக்கலாம்; ஏற்ற பூமி கிடையாது. போதாதற்குப் பன்றி வருவது இரவில். விளக்கு வெளிச்சத்தில் மின்னும் இரண்டு கண்களைப் பார்த்துச் சுடுகிறவன், அடுத்த வயலில் கம்பளியைப் போர்த்துக் காவலுக்குப் படுத்திருப்பவனைப் பார்ப்பானா?

இரண்டு பூட்டுகள்

பூமி ஏற்றதாக இருந்தாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு பூட்டுகள். இரண்டும் திறந்தாலொழியச் சுட முடியாது.

முதல் பூட்டு ஆயுதச் சட்டம். 1878-ல் லார்டு லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது, லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். துரைமார்கள் பொழுதுபோக்குக்காக வேட்டையாடினார்கள். பயிரைப் பறிகொடுத்த குடியானவன் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நின்றான். தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டத்தை மகாத்மா காந்தி வன்மையாகக் கண்டித்தார். 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த உரிமை அரசியல் சட்டத்தில் இடம் பெறவில்லை. ஆனால் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் குடியானவனை அடியோடு மறந்துவிடவும் இல்லை. அதன் 13-ஆம் பிரிவு, உண்மையாகவே பயிர்க் காவலுக்கு வேண்டுமென்று கேட்பவருக்கு, வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிக்குக் கொடுக்கலாம். ரைபிள் வேண்டுமானால் தக்க காரணம் காட்டி அதிகாரியைத் திருப்தி செய்தாக வேண்டும். முதலில் இந்தப் பாகுபாடு எனக்கு அநியாயமாகப் பட்டது. ஏரிக்கரைப் பாடத்துக்குப் பிறகு அதன் நியாயம் புரிந்தது. அருகே நின்று சுடுவதற்கானதைக் குடியானவன் கையில் கொடுத்துவிட்டு, தூரத்தில் போய்க் கொல்லக் கூடியதை எளிதில் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பூட்டு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் இருப்பதனாலேயே பிராணியைச் சுடும் அதிகாரம் வந்துவிடாது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது; பயிரைத் தின்றாலும் அதைத் தொடக் கூடாது. காட்டுப் பன்றி, 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்குச் சேதம் விளைவித்தால் அதைக் கொல்ல முதன்மை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் அனுமதி கொடுக்கலாம். கேரளத்தில் 2022-ல் இந்த அதிகாரத்தை உள்ளூராட்சித் தலைவர்கள் பிரயோகிக்க ஏற்பாடு செய்தார்கள். லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு அவர்கள் பன்றிகளைச் சுடச் செய்யலாம்.

நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசாங்கம் வேறொரு முறையை வகுத்தது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். அதாவது, ரைபிளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும், சுடும் பொறுப்பையும் சர்க்காரே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சுடாமல் கொல்கிறவை

பொறுமை இழந்தவர்கள் துப்பாக்கியைத் தேடிப் போவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். துப்பாக்கியைவிட மலிவானவை இரண்டு இருக்கின்றன. ஒன்று அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி. மற்றொன்று வேலிக் கம்பியில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சும் மின்சாரம்.

இவற்றுக்குக் குறியும் கிடையாது, கண்ணும் கிடையாது. 2020-ல் கேரளத்தில் வெடி வைத்த காயைக் கடித்த சினை யானை ஒன்று, வாய் சிதைந்து, ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்ட காட்சியைத் தேசம் முழுவதும் பார்த்துக் கண்ணீர் வடித்தது. 2023 மார்ச்சில், என் மைத்துனன் இருக்கும் தர்மபுரி ஜில்லாவிலேயே, மாரண்டஹள்ளிக்கு அருகில், பன்றிக்காகப் போட்ட மின்கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாய்களின் உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. கம்பி போட்டவனும் ஒரு ஏழைக் குடியானவன்தான். அவன் யானையைக் கொல்ல நினைத்தவன் அல்ல. ஆனால் தான் ஏவியது எங்கே போய் நிற்கும் என்று அவனும் யோசிக்கவில்லை.

பதில் கடிதம்

இவ்வளவையும் யோசித்து மைத்துனனுக்கு எழுதினேன்.

"ரைபிள் வேண்டாம். உன் நிலம் காப்புக் காட்டிலிருந்து 4 கிலோமீட்டர் என்று சொல்லியிருக்கிறாய். பன்றிகள் இருப்பது காட்டிலே அல்ல. வறண்ட ஏரியில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் புதரிலே. ஆகவே, சட்டப்படி அவற்றைச் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். ஊரார் எல்லோரும் கையெழுத்திட்டு, சேதத்தைப் படம் எடுத்து இணைத்து, மனுக் கொடுங்கள். ஏரிப் புதரை வெட்ட அனுமதி கேளுங்கள். அவர்கள் சுட வரும் இரவில் ஊரில் ஒருவரும் வயலில் படுக்க வேண்டாம். கையில் ஒரு துப்பாக்கி இருந்தே தீர வேண்டுமென்றால் பயிர்க் காவல் லைசென்ஸுக்கு முறைப்படி விண்ணப்பம் செய். ஆனால் சுடும் அனுமதி வேறு என்பதை மறவாதே. துப்பாக்கி வீட்டுக்கு வந்தால் அது ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். குழந்தைகள் இருக்கிற வீடு. எந்தக் காரணத்தைக் கொண்டும் கம்பியில் மின்சாரம் பாய்ச்சாதே."

கடிதத்தைச் சுபேதாரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வருகிறவர்கள் சீக்கிரம் வர வேண்டுமே!" என்றார்.

மைத்துனனின் பதிலும் அதே இடத்தைத்தான் தொட்டது.

"மாமா, நீங்கள் சொன்னபடி மனுக் கொடுத்துவிட்டோம். பரண் கட்டி, முறை போட்டு விழித்திருக்கிறோம். டப்பாவைத் தட்டினால் இந்தத் தோட்டத்திலிருந்து அந்தத் தோட்டத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். என் பெண் படிப்புக்கு வைத்திருந்த பணம் அந்தக் கடலையில்தான் இருந்தது. அடுத்த போகம் விதைப்பதற்குள் அவர்கள் வருவார்களா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் கணக்கு இல்லை. அந்நிய சர்க்கார் துப்பாக்கியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, குடியானவன் கூப்பிட்டபோது காது கேளாததுபோல் இருந்தது. இப்போது துப்பாக்கியை வைத்துக்கொண்டிருப்பது நம்முடைய சொந்த சர்க்கார். ரைபிளை எளிதில் கொடுக்க முடியாது என்று குடியானவனிடம் சொல்வது நியாயமே. நானும் அதையேதான் சொன்னேன். ஆனால் அப்படிச் சொன்னவர் அவன் கூப்பிட்ட இரவில் விளக்கும் ரைபிளுமாக வரப்பில் வந்து நிற்க வேண்டும். காட்டோரத்து முதல் கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது என்றால், அங்கே உள்ளவனுக்கு நல்ல வேலியாவது போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் கை மின்கம்பியைத்தான் தேடும்.

தர்மபுரிப் பக்கத்துப் பரண் ஒன்றில் என் மைத்துனன் இன்றிரவும் விழித்திருப்பான்.